குடும்ப வரலாறு தேடுவோருக்கு இலவச வகுப்பு: ஊர் நூலகத்தில் நடத்துவது எப்படி

தமிழ்நாட்டில் தன் குடும்ப வரலாற்றைத் தேட இறங்கும் ஒருவர் முதலில் பார்ப்பது இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு வழிகாட்டிகளை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடுங்கள் என்று அவை சொல்லும். இந்தியாவில் அந்த வழி கிடையாது. வீடு வீடாக எழுதும் கணக்கெடுப்புத் தாள்களை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. வெளியாவது தொகுத்த எண்ணிக்கை மட்டுமே. நம் குடும்பங்களின் தடம் வேறு இடங்களில் கிடக்கிறது: பீரோவில் மடித்து வைத்த பத்திரம், மொய் நோட்டு, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, குலதெய்வக் கோயிலின் வரி நோட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துப் புத்தகங்கள். இவற்றைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் வகுப்பின் வேலை. சொற்பொழிவு வேண்டாம், வந்திருப்பவர்கள் கையிலுள்ள காகிதங்களை மேசையில் விரித்து, உட்கார்ந்து படியுங்கள்.

இடமும் ஆட்களும்

கிளை நூலகம், பள்ளி வகுப்பறை, சமுதாயக் கூடம் எதுவானாலும் சரி. பெரிய மேசைகள், நல்ல வெளிச்சம், ஒரு மின்செருகி இருக்க வேண்டும். ஒரு வகுப்புக்கு 12 முதல் 15 பேர், நடத்துபவர் இருவர். ஒருவர் பொதுவாகச் சொல்லிக்கொடுக்கும்போது மற்றவர் மேசை மேசையாகப் போய்ப் பழைய கையெழுத்தைப் படிக்க உதவுவார். ஒருவரே நடத்தினால் இந்த இரண்டாவது வேலை நின்றுபோகும். ஆட்கள் வராமல் போவதற்கு முக்கியக் காரணம் அதுதான். வாரம் ஒரு நாள், 2 மணி நேரம், 6 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள்: உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரே ஒரு கேள்வி என்ன? அதைச் சார்ந்து வீட்டில் இருக்கும் ஒரு காகிதம் எது? "எங்கள் வம்சத்தையே தேடணும்" என்பவருக்கு வழிகாட்ட முடியாது. "அப்பாவைப் பெற்ற பாட்டி எந்த ஊரில் பிறந்தார்?" என்று வருபவருக்கு முடியும். காகிதமே இல்லாதவர் வீட்டில் மூத்தவர் ஒருவரின் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு வரட்டும்.

பத்திரங்களின் அசல் வேண்டாம், நகலோ செல்பேசிப் படமோ போதும் என்பதை முதல் நாளுக்கு முன்பே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அசல் தொலைந்தால் வகுப்போடு நிற்காது, குடும்பத்துக்குள் சண்டை வரும்.

முதல் வாரம்: தெரிந்ததை எழுதுதல்

ஆளுக்கு ஒரு முழுத்தாள். தேடுபவருக்கு 1 ஆம் எண். ஒருவரின் எண்ணை இரட்டித்தால் அவருடைய தந்தையின் எண். அதோடு ஒன்றைக் கூட்டினால் தாயின் எண். அப்பா 2, அம்மா 3, அம்மாவின் அம்மா 7, அவருடைய அப்பா 14. பெயரே தெரியாவிட்டாலும் எண் இருக்கும் என்பதால் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

நம் வீடுகளில் இந்த எண்முறை ஒரு இடத்தில் இடறும். அக்கா மகளை மணந்த குடும்பத்தில் ஒரே ஆள் இரண்டு எண்ணில் வருவார். அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன் என்றால் 4 ஆம் எண்ணும் 14 ஆம் எண்ணும் ஒருவரே; 5 உம் 15 உம் ஒருவரே. இது பிழையல்ல என்று முதல் நாளே சொல்லாவிட்டால் பலர் ஒருவரை இரண்டு ஆளாக்கி விடுவார்கள். சிறிய எண்ணை வைத்துக்கொண்டு, பெரிய எண்ணின் கட்டத்தில் "4 ஐப் பார்க்க" என்று எழுதச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்பதை எழுத வேண்டும்: "பெரியம்மா சொன்னது", "1962 கல்யாணப் பத்திரிகை". இந்தப் பழக்கம் ஒன்றே வகுப்பை விட்டுப் போன பிறகும் அவர்களைக் காப்பாற்றும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயரும் அதே முன்னெழுத்தும் திரும்ப வரும். எங்கிருந்து எடுத்தோம் என்ற குறிப்பு இல்லாவிட்டால் 1890களின் முத்துசாமியும் 1940களின் முத்துசாமியும் ஒருவராகிப் போவார்கள்.

இரண்டாம் வாரம்: பெரியவர்களிடம் கேட்பது

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் தவறாக வரும். நிகழ்ச்சியோடு பொருத்திக் கேட்கப் பழக்குங்கள். கல்யாணத்தின்போது அணாக் கணக்கா, நயா பைசாவா? நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலுக்கு முன்னா, பின்னா? அண்ணா இறந்தபோது (1969 பிப்ரவரி) மூத்த பிள்ளை கைக்குழந்தையா, நடக்கிற பிள்ளையா? இப்படி மூன்று கேள்வியில் ஒரு பிறப்பை இரண்டு வருட எல்லைக்குள் கொண்டுவந்துவிடலாம்.

ஒலிப்பதிவுக்குச் செல்பேசியை அரை மீட்டர் தூரத்துக்குள் துணி மேல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், ஒரு நிமிடம் பேசவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பதிவு செய்யச் சம்மதம் கேட்பதும் பதிவிலேயே இருக்கட்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம்.

சொத்து பற்றிய கேள்வியை முதல் சந்திப்பில் எடுக்கவே கூடாது. "நிலம் யார் பேரில் இருந்தது?" என்ற கேள்வி, பாகம் கேட்டு வந்திருக்கிறான் என்றுதான் காதில் விழும். அதோடு எல்லாப் பேச்சும் நின்றுவிடும்.

மூன்றாம் வாரம்: ஆண்டுகளைப் பெயர்ப்பது

இதற்கு முழு வகுப்பையும் ஒதுக்குங்கள். பழைய காகிதத்தில் ஆங்கில ஆண்டு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பசலி: வருவாய்க் கணக்கு ஆண்டு, ஜூலை 1 இல் தொடங்கும். பசலி எண்ணோடு 590 ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

கொல்லம் ஆண்டு: திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து ஓலைகளிலும் ஜாதகங்களிலும் வரும். ஆவணியில் தொடங்குவதால், ஆண்டின் முற்பகுதிக்கு 824 ஐயும் மார்கழி நடுவில் ஆங்கிலப் புத்தாண்டு கடந்த பிற்பகுதிக்கு 825 ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1100 என்பது 1924-25.

தமிழ் ஆண்டு: 60 பெயர்கள் சுற்றி வரும், சித்திரையில் மாறும். 1867, 1927, 1987 மூன்றும் பிரபவ. பத்தாவது பெயர் தாது. பெரும் பஞ்சம் வந்த தாது 1876-77. "தாது வருஷம் பிறந்தவர்" என்று ஜாதகம் சொன்னால் 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். அவருடைய பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் எது என்று முடிவு செய்ய முடியும். சுற்றைத் தவறவிட்டால் ஒரேயடியாக 60 ஆண்டு பிசகும். ஜாதகத்தை வைத்து எழுதிய வம்சாவளிகளில் அடிக்கடி காணும் தவறு இதுதான்.

தமிழ் எண்களையும் குறிகளையும் கரும்பலகையில் எழுதிப் பயிற்சி கொடுங்கள். 1924 ஐ ௧௯௨௪ என்றும் எழுதியிருப்பார்கள், ௲௯௱௨௰௪ என்றும் எழுதியிருப்பார்கள். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, னை வடிவங்கள் இளையவர்களுக்குப் புதிது. அரை மணி நேரம் பழகினால் பிடிபடும்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் இந்த வாரமே சொல்லுங்கள். சேர்க்கை வயதுக்கு ஏற்றபடி மே, ஜூன் மாதத் தேதியாக எழுதிவிடுவது பரவலாக நடந்தது. பிறப்புப் பதிவேட்டிலும் பெயர்க் கட்டம் காலியாக இருக்கலாம். அப்பா, அம்மா பெயர், ஊர், பிறந்த நாள் கொண்டு தேட வேண்டும்.

நான்காம் வாரம்: பத்திரம்

எல்லா ஆவணங்களிலும் தலைமுறைகளை அதிகம் சொல்வது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள், அவர்களின் தகப்பனார், சில நேரம் பாட்டனார், இறந்துபோன பங்காளியின் மனைவியும் மைனர் பிள்ளைகளும் அவர்களின் வயதும் என்று ஒரே காகிதத்தில் மூன்று தலைமுறை இருக்கும். அடுத்தது உயில், பிறகு செட்டில்மெண்ட் (குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக்கொடுப்பது), பிறகு கிரயம். கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை விவரத்தையும் படிக்கச் சொல்லுங்கள்: பக்கத்து நிலத்துக்காரர்தான் பல நேரம் பங்காளி.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். மூதாதையர் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 1989 இல்தான் வந்தது. அதற்கு முந்திய பாகப்பிரிவினைகளில் மகள்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. பெயர் இல்லாததால் பெண்பிள்ளையே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அவர்களைத் தேட விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது), கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு பார்க்க வேண்டும். மொய் நோட்டில் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் இருக்கும். ஒரே ஊரிலிருந்து ஐந்தாறு பேர் பெரிய மொய் செய்திருந்தால் அது பாட்டி பிறந்த ஊராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அது துப்புதான், சான்று ஆகாது.

பத்திரத்தின் பின்பக்கப் பதிவுக் குறிப்பை எல்லோரும் படி எடுக்கட்டும்: எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எத்தனையாவது புத்தகம், தொகுதி, பக்கம், ஆண்டு, ஆவண எண். அசல் தொலைந்தாலும் இந்த ஆறும் இருந்தால் நகலுக்கு மனுப் போடலாம். 1908 பதிவுச் சட்டப்படி 1 ஆம் புத்தகத்தில் நிலம், வீடு பற்றிய ஆவணங்கள் இருக்கும். யார் கேட்டாலும் நகல் தருவார்கள். 3 ஆம் புத்தகம் உயில்களுக்கு. எழுதியவர் இறந்த பிறகே மற்றவர்களுக்கு நகல் கிடைக்கும். இது தெரியாமல் போய்த் திரும்பி வருபவர்கள் பலர்.

எண் தெரியாவிட்டால், ஒரு சொத்தின் மேல் பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றைக் கொண்டு பின்னோக்கிப் போகலாம். அண்மைய சில பத்தாண்டுகளுக்கு உரியதைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்க முடியும்; பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் தேட மனுக் கொடுக்க வேண்டும். சர்வே எண் மாறியிருக்கும் என்பதை எதிர்பார்த்தே போங்கள். 1980களில் நடந்த யூ.டி.ஆர் (நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த) வேலைக்கு முந்திய எண்ணும் இன்றைய பட்டாவிலுள்ள சர்வே எண்ணும் ஒன்றாக இல்லாமல் போகலாம். "பதிவே இல்லை" என்று வரும் பதிலுக்குப் பாதி நேரம் காரணம் இந்த எண் மாற்றமே. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுச் சொல்லும் விவரத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேளுங்கள்.

ஐந்தாம் வாரம்: நிலமில்லாதவர்களின் தடம்

பத்திரத்தோடு வகுப்பை முடித்துக்கொண்டால் அறையில் பாதிப் பேரை வெளியே நிறுத்தியதாகும். நிலம் இல்லாத, எழுத்து மறுக்கப்பட்ட குடும்பங்களுக்கும் பதிவுகள் உண்டு, இடம்தான் வேறு. 1892 க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் வருவாய்ப் பதிவுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், திருச்சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் எல்லாவற்றையும் பாருங்கள். தரங்கம்பாடியில் புராட்டஸ்டண்ட் மிஷன் தொடங்கியது 1706 இல் என்பதால், சில திருச்சபைப் பதிவேடுகள் மிகப் பழையவையாக இருக்கலாம்.

கடல் கடந்து போனவர்களுக்கு விவரம் இன்னும் அதிகம். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் வரை எழுதியிருக்கிறார்கள். மொரீஷியஸ் போனவர்களின் பதிவுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் இருப்பதால், படித்ததை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்; கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். கங்காணி (ஆள் சேர்க்கும் மேஸ்திரி) முறையில் மலாயா, இலங்கை போனவர்களுக்கு இந்த அளவு பட்டியல் கிடைப்பது அரிது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பமானால், தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையில் தொடங்குங்கள்.

சாதி பெரும்பாலான பழைய ஆவணங்களில் எழுதியிருக்கும். காகிதத்தில் உள்ளதை உள்ளபடி குறித்துக்கொள்ளலாம்; வகுப்பில் அதைப் பற்றி ஒப்பிட்டுப் பேசக் கூடாது என்பதை முதல் வாரமே விதியாக்குங்கள். இரண்டாம் தாரம், தத்து, ஓடிப்போன கல்யாணம் இவையும் அப்படியே. மேசையில் கண்டது மேசையோடு.

ஆறாம் வாரம்: பத்திரப்படுத்துதல்

ஆவணத்தை 300 டிபிஐயிலும் புகைப்படத்தை 600 டிபிஐயிலும் ஸ்கேன் செய்யுங்கள். செல்பேசியில் எடுப்பதானால் பிளாஷ் போடாமல், ஜன்னல் ஓரம், காகிதத்துக்கு நேர் மேலிருந்து. பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். பதிவுக் குறிப்பு அங்கேதான். கோப்பின் பெயர் ஆண்டில் தொடங்கட்டும்: "1931_பாகப்பிரிவினை_ஊர்". லேமினேஷன், செல்லோடேப் இரண்டும் கூடாது. புகைப்படத்தின் பின்னால் எழுத மென்மையான பென்சில். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

கணினி விரும்புபவர்களுக்கு கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருள் இலவசம், தமிழிலும் பெயர் எழுதலாம். எந்த மென்பொருளானாலும், எல்லா வம்சாவளி மென்பொருளுக்கும் பொதுவான ஜெட்காம் கோப்பு வடிவில் வெளியே எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இணையத்தில் போடும் முன் உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, ஆதார் எண் தெரியும் பக்கங்களை எடுத்துவிட வேண்டும்.

கடைசி ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் தன் கேள்வியையும், கிடைத்த பதிலையும், அடுத்து போக வேண்டிய அலுவலகத்தையும் ஒரே பக்கத்தில் எழுதட்டும். சார்பதிவாளர் அலுவலகமா, தாலுகா அலுவலகமா, எழும்பூர் ஆவணக் காப்பகமா என்பதோடு, அங்கே கொடுக்க வேண்டிய மனுவின் வாசகத்தையும் அங்கேயே எழுதி முடிக்கச் செய்யுங்கள். வீட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். பக்கத்தின் ஒரு படியை நூலகரிடம் வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து ஒரு நாளைக் குறித்து, அன்று பதில் வந்த மனுக்களோடு எல்லோரையும் திரும்ப வரச் சொல்லுங்கள்.