பணம் போய்விட்டது, ஆர்டர் எங்கே? ஓடும் மென்பொருளைக் கண்காணித்து மீட்கும் முறை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள ஒரு துணிக்கடைக்கு ஆன்லைன் விற்பனை மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆர்டர், இருப்பு, கட்டணம், டெலிவரி என நான்கு சேவைகள் தனித்தனியே ஓடி, நெட்வொர்க் வழியே ஒன்றையொன்று அழைக்கின்றன. தீபாவளி நெருங்கும் ஒரு மாலையில், தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெண்மணி புடவைக்கு 850 ரூபாய் செலுத்துகிறார். கட்டணச் சேவை பணத்தைப் பெற்றுக்கொள்கிறது. அதன் பதில் மட்டும் ஆர்டர் சேவைக்கு வந்து சேரவில்லை. இந்த ஒரு கோளாறைப் பிடித்துச் சரிசெய்யக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 1: விதியை எழுதுங்கள்

"பணம் பெற்ற 30 விநாடிக்குள் ஆர்டர் உறுதியாக வேண்டும், இல்லையேல் பணம் திரும்ப வேண்டும்." நிரல் எழுதும் முன்பே கடைக்காரரிடம் கேட்டு இதை முடிவு செய்யுங்கள். பலர் இதை விட்டுவிட்டு, சேவை உயிரோடு இருக்கிறதா என்ற சோதனையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சேவைகளைக் கன்டெய்னர் எனும் தனித்தனி உறைகளில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருளான குபர்நெட்டிஸின் உயிர்ப்புச் சோதனை, அமைப்பை நாம் மாற்றாதவரை, 10 விநாடிக்கு ஒருமுறை நடக்கும். தொடர்ந்து 3 முறை தோற்றால் கன்டெய்னர் மறுதொடக்கமாகும். அது தேவைதான். ஆனால் மேலே சொன்ன கோளாறின்போது நான்கு சேவைகளும் "நலம்" என்றே பதில் சொல்லும். அந்தப் பெண்மணிக்கு அதனால் என்ன பயன்?

படி 2: ஒரே எண்ணைத் தொடருங்கள்

எல்லாச் சேவைகளும் லாக்கின் (நடப்பதை நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவேட்டின்) ஒவ்வொரு வரியிலும் ஆர்டர் எண்ணை எழுத வேண்டும்.

18:42:07 ஆர்டர் 5517 இருப்பு ஒதுக்கப்பட்டது
18:42:09 ஆர்டர் 5517 பணம் பெறப்பட்டது
18:42:39 ஆர்டர் 5517 விதிமீறல்: உறுதியாகவில்லை

மூன்றாவது வரியை எழுதுவது கண்காணிப்பு நிரல். அதைத் தனியாக ஓட விடுங்கள். ஆர்டர் சேவைக்குள்ளேயே வைத்தால், அது விழும்போது இதுவும் சேர்ந்து விழும்.

படி 3: மீட்பு

இங்கேதான் நிதானம் வேண்டும். காலக்கெடு தாண்டியது என்றால் "நடக்கவில்லை" என்று பொருளல்ல. "தெரியவில்லை" என்றே பொருள். எனவே முதலில் கட்டணச் சேவையிடம் 5517-க்குப் பணம் வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால் ஆர்டரை உறுதிசெய்யுங்கள். வராதிருந்தால் கட்டணக் கோரிக்கையை அதே எண்ணோடு மீண்டும் அனுப்புங்கள். ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் பணம் எடுக்காமல் பழைய பதிலையே தரும்படி கட்டணச் சேவையை எழுதியிருக்க வேண்டும். முயற்சிகளுக்கு இடையே 1, 2, 4 விநாடி என இடைவெளியைக் கூட்டுங்கள்.

புடவையே தீர்ந்துவிட்டதா? நடந்தவற்றைப் பின்னிருந்து முன்னாக ஈடுசெய்ய வேண்டும்: பணத்தைத் திருப்பு, ஒதுக்கீட்டை நீக்கு. கணினி அறிவியலாளர்கள் ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் 1987-இல் 'சாகா' என்ற பெயரில் முன்வைத்த வழி இது. ஒவ்வொரு செயலையும் எழுதும் அன்றே அதன் ஈட்டுச் செயலையும் எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் அது எழுதப்படுவதே இல்லை.

படி 4: நீங்களே உடைத்துப் பாருங்கள்

பணம் பதிவான பிறகு, பதில் போகும் முன் கட்டணச் சேவையை நிறுத்துங்கள். மீண்டும் ஓடவிட்டுக் கணக்கைப் பாருங்கள்: 850 ஒரே ஒரு முறைதான் இருக்க வேண்டும். அடுத்து, கண்காணிப்பு நிரலையே நிறுத்தித் தொடங்குங்கள். லாக்கில் விட்ட இடத்திலிருந்து அது படிக்கவில்லையென்றால், கடைசியாகப் படித்த இடத்தை எங்கே சேமிக்கிறீர்கள் என்று பாருங்கள்.