‘நிறுவுக’ என்று கேட்டால் முதல் வரி என்ன?

காட்பாடி, குடியாத்தம் பக்க டியூஷன் நோட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுவது இது. ‘அடுத்தடுத்த இரு ஒற்றை எண்களின் வர்க்க வித்தியாசம் 8-ஆல் வகுபடும் என நிறுவுக’ என்றால், 5² − 3² = 16 என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். அது சரிபார்ப்புதான், நிரூபணம் ஆகாது. (ரஃப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், தப்பில்லை.) கேட்டதையே முதல் வரியாக எழுதுவது அதைவிட மோசம்.

‘கே ஒரு முழு எண், எண்கள் 2கே − 1, 2கே + 1’ என்று தொடங்குங்கள்.

(2கே + 1)² − (2கே − 1)²
= (4கே² + 4கே + 1) − (4கே² − 4கே + 1)
= 8கே

இரண்டாவது அடைப்புக்குறியை விட்டால் குறி மாறாமல் கணக்கே கவிழ்ந்துவிடும். சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரட்டும். ‘கே முழு எண் என்பதால் 8-ஆல் வகுபடும்’ என்ற கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், மறக்காமல் எழுதுங்கள்.