சோடி ஓட்டத்தில் முதலாவதாக வந்து தோற்பது எப்படி

பரந்தன் பக்கத்துத் தரவையில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் பெடியள் ஸ்பீட்வே, அதாவது மண் வட்டப்பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயம், ஓடிப் பழகுகிறார்கள். உண்மையான ஸ்பீட்வே வண்டி யாரிடமும் இல்லை. அது 500 சிசி, ஒற்றைச் சிலிண்டர், மெதனோலில் ஓடுவது, ஒரேயொரு கியர், பிரேக் அறவே கிடையாது. இங்கே இருப்பவை மட்காட்டும் லைட்டும் கழற்றிய பழைய 125 சிசி வண்டிகள்தான். ஆனாலும் நாலு பேர், நாலு சுற்று, இடப்பக்கம் மட்டுமே திரும்பல், இரண்டு பேர் ஒரு அணி என்பதில் மாற்றமில்லை.

நான் டென்மார்க்கின் ஜட்லாந்தில் வளர்ந்து, அங்கே ஒரு சின்னக் கழகத்தில் பத்து வருடம் ஓடியவன். பெடியள் விடும் பிழைகளில் பாதி நான் விட்டவை. ஹெல்மட் போடு, குடித்துவிட்டு ஏறாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவன் தரவைக்கே வரவேண்டாம்.

முதல் வளைவில் சொந்தச் சோடியையே இடிப்பது

தொடக்கக் கோட்டில் நாலு இடம். ஒரு அணிக்கு 1ம் 3ம், மற்றதற்கு 2ம் 4ம். ஆக, உங்களுக்கும் உங்கள் சோடிக்கும் நடுவில் எதிராளி ஒருவன் நிற்கிறான். கோட்டுக்குக் குறுக்கே கட்டியிருக்கும் தொடக்க நாடா மேலே போனதும் 1இல் நிற்பவன் உட்கோட்டைப் பிடிக்கிறான். சரி. 3இல் நிற்பவனும் நடுவிலிருப்பவனை வெட்டிக்கொண்டு அதே உட்கோட்டுக்குப் பாய்ந்தால் வளைவில் இடம் எங்கே இருக்கிறது? போன மாதம் அண்ணனும் தம்பியும் ஒரே அணியில் ஓடி, இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சண்டை.

ஏறுவதற்கு முன்பே பேசி முடிவெடுங்கள். யார் உள்ளே, யார் வெளியே? வெளிப்பக்கம் தூரம் கூடத்தான். ஆனால் சில்லுகள் வாரி எறிந்த மண் அங்கேதான் குவியும், பின் சில்லுக்குப் பிடியும் அங்கேதான் கிடைக்கும்.

நாடாவைத் தொடுவது

தொட்டால் வெளியே. வாதாடாதீர்கள்.

பிரேக்

ஓட்டத்தில் ஒருவனுக்கு மட்டும் பிரேக் இருந்தால் பின்னால் வருபவன் அவன் முதுகில் ஏறுவான். எல்லாருக்கும் இருக்கட்டும், அல்லது ஒருவருக்கும் வேண்டாம். ஏ9 வீதியில் ஓடிவந்த வண்டியின் பிரேக்கில் மட்டும் கை வைக்காதீர்கள், அதிலேதான் திரும்பிப் போகவேண்டும்.

தனியாகப் பறப்பது

இதுதான் என்னை இன்னும் கடுப்பாக்குகிற பிழை.

முதலில் கணக்கு. வழக்கமான ஸ்பீட்வேயில் புள்ளிகள் 3-2-1-0. முதலாவதும் கடைசியும் வந்த சோடிக்கு 3. இரண்டாவதும் மூன்றாவதும் வந்த சோடிக்கும் 3. சமன். 2018இல் தொடங்கிய ஸ்பீட்வே ஒஃப் நேஷன்ஸ் என்ற சர்வதேசச் சோடிப் போட்டியில் பின்னர் 4-3-2-0 வந்தது. இப்போது கூட்டிப் பாருங்கள். முதலாவதும் கடைசியும் வந்தால் 4, இரண்டாவதும் மூன்றாவதும் வந்தால் 5. முதலாவதாகக் கோட்டைத் தாண்டியவனின் அணி தோற்கிறது.

எங்கள் கழகங்களுக்கிடையிலான போட்டி ஒன்றிலும் இதே கணக்குத்தான். கடைசி ஓட்டம், எங்களுக்கு வெற்றி வேண்டும். நான் 1இல் இருந்து சுத்தமாகக் கிளம்பிவிட்டேன். இரண்டாம் சுற்றில் எனக்குப் பின்னால் சத்தமே இல்லை. எவ்வளவு சந்தோசம்! நாலு சுற்றும் தலையைத் திருப்பாமல் ஓடி, கையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். என் சோடிக்காரன் மூன்றாவது ஆளின் பின்சில்லோடு ஒட்டிக்கொண்டே நாலாவதாக வந்திருந்தான். 5-4. வெற்றி அவர்களுக்கு. யாரோ எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்னால் கையைத் தூக்கியபடி நான், பின்னால் தூசிக்குள் அவன். அன்று முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை.

நான் செய்திருக்க வேண்டியது இதுதான். வளைவு முடிந்து வண்டி நிமிர்கிற இடத்தில், நேர்ப்பாதை தொடங்கும்போது, ஒரு தடவை தோளுக்கு மேலால் பார்ப்பது. சோடி பின்தங்கியிருந்தால் அடுத்த வளைவில் வேகத்தைக் கொஞ்சம் விட்டு, வெளிப்பக்கமாக அகலமாகப் போவது. துரத்துகிறவன் வெளியால் முந்த வழியில்லாமல் தடுமாறுவான். அந்த நேரம் உட்கோடு சோடிக்குத் திறந்திருக்கும். ஒரு எதிராளி என்னைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. சோடி நாலிலிருந்து மூன்றுக்கு வந்தால், நான் இரண்டாவதாக வந்தாலும் 5 எங்களுக்குத்தான். ஆனால் குறுக்கே விழுந்து மறிக்கக் கூடாது. எதிராளி விழுந்தால் நடுவர் உங்களை வெளியேற்றுவார்.

தனித் திறமைக்காரனுக்கு இது சரிவராது என்று ஒரு தம்பி சொன்னான். எரிக் குண்டர்சன், ஹான்ஸ் நீல்சன் என்று இரண்டு டேனிஷ்காரர். 1984 முதல் 1989 வரை தனிநபர் உலகப் பட்டம் இந்த இரண்டு பேரையும் விட்டு வெளியே போகவில்லை, ஆளுக்கு மூன்று. அவ்வளவு போட்டி. அதே இரண்டு பேரும் 1986 முதல் 1989 வரை நாலு வருடமும் சேர்ந்து உலகச் சோடிப் பட்டத்தை வென்றார்கள். தம்பி அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் விடாத தரை

பவுசர் வராவிட்டால் ஓட்டம் இல்லை.

பார்த்துக்கொண்டே இருப்பது

மேலே உள்ளதைச் சொல்லிக் கொடுத்த அடுத்த ஞாயிறே ஒருவன் நேர்ப்பாதை முழுக்கத் திரும்பிப் பார்த்தபடி போய் வடலிக்குள் இறங்கினான். வண்டியின் முன் கவை வளைந்தது, ஆளுக்குச் சிராய்ப்பு மட்டும். எழும்பி வந்து, "அண்ணை, சோடி வந்துட்டானோ?" என்று கேட்டான்.

வந்துவிட்டான். முதலாவதாக.