பத்தாம் வகுப்புத் திருப்புதல்: புத்தகத்தை மூடி வைத்துப் படிப்பது எப்படி

2014-ல் பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் வாங்கியது 31. மற்ற நான்கு பாடங்களிலும் தேறியிருந்தேன். மாங்காய் சீசன் நேரம். ரிசல்ட் பார்த்த அப்பா ஒரு வார்த்தை பேசாமல் தோப்புக்குக் கிளம்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அந்த வருடம் நான் படிக்காமல் இல்லை. கணக்கு நோட்டைக் கதைப் புத்தகம் போல ஐந்தாறு தடவை வாசித்திருந்தேன். ஒவ்வொரு வரியும் புரிந்தது. புரிந்ததை எல்லாம் தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன், அங்கேதான் கோட்டை விட்டேன். துணைத்தேர்வுக்கு ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்றினேன். நோட்டை மூடிவிட்டு எழுதிப் பார்த்தேன், தேறிவிட்டேன்.

போன வருடம் அக்கா மகன் முதல் திருப்புதல் தேர்வில் கணக்கில் 27 வாங்கிக்கொண்டு வந்தான். காவேரிப்பட்டணத்திலிருந்து ஞாயிறுதோறும் தருமபுரிக்கு எங்கள் வீட்டுக்கு பஸ் ஏற்றி விட்டார்கள். பொதுத்தேர்வில் 64 வாங்கினான். நாங்கள் செய்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். முதலிடம் வாங்க வழி தேடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. தேறுவோமா என்று பயந்துகொண்டு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: பழைய விடைத்தாளை எடுங்கள்

டைம் டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டுவதை அப்புறம் பார்க்கலாம். திருத்திக் கொடுத்த திருப்புதல் தேர்வுத் தாளை எடுத்து, மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்திலும் ஓர் எழுத்துப் போடுங்கள். தெரியாமல் போனதற்கு 'தெ', தெரிந்தும் தப்பாகப் போட்டதற்கு 'த', நேரம் போதாமல் விட்டதற்கு 'நே'.

எங்கள் பையன் தாளில் 'த'தான் அதிகம். அவனோ தனக்கு ஒன்றுமே தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தான். 'த' போட்ட இடங்களுக்குப் புதிதாகப் படிக்க எதுவும் இல்லை, திரும்ப எழுதினால் போதும். அதனால் அங்கிருந்து தொடங்கினோம்.

படி 2: வெள்ளைத்தாள்

ஒரு பாடத்தை ஒருமுறை பாருங்கள். மூடுங்கள். வெள்ளைத்தாளில் நினைவு இருப்பதை எழுதுங்கள். திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்பில் எழுதுங்கள். மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை இதையே செய்யுங்கள். சிவப்புக் குறைந்துகொண்டே வரும்.

முதல் தடவை தாள் பாதிகூட நிறையாது. "ஒண்ணுமே வரல சித்தி" என்று அவன் தாளைக் கசக்கினான். கசக்கிய தாளைப் பிரித்து இஸ்திரி போடாத குறையாக நீவி, தேதி போட்டு வைத்தேன். மூன்றாவது வாரம் அதையே எடுத்துக் காட்டியபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தாளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். போன வருட நோட்டுகளில் மீந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிறத்தில் ஹைலைட்டர் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோடு போட்டவுடன் படித்து முடித்த திருப்தி வந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. நேரம் பார்க்க அலாரம் கடிகாரம் வையுங்கள், போன் வேண்டாம். காரணம் உங்களுக்கே தெரியும்.

படி 3: கணக்கில் முதலில் 36 மதிப்பெண்

கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் 14 கேள்விகள். இரண்டு மதிப்பெண்ணில் 14-க்கு 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண்ணிலும் 14-க்கு 10. கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு: வடிவியலில் ஒரு படம், ஒரு வரைபடம். அந்த இரண்டிலும் 'அல்லது' உண்டு.

என் கணக்கு இதுதான். படமும் வரைபடமும் 16, ஒரு மதிப்பெண்ணில் 10 சரி, இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து கேள்வி சரி. மொத்தம் 36, தேற 35 போதும். இந்த 36 கைக்குள் வரும்வரை ஐந்து மதிப்பெண் பக்கம் போகாதீர்கள். வந்த பிறகு போங்கள். முதல் பாடத்தில் கார்டீசியன் பெருக்கலைச் சரிபார்க்கும் கணக்கு, எட்டாம் பாடத்தில் திட்டவிலக்கம், இரண்டு பகடை உருட்டுவது, இந்த வரிசையில் போனால் பயம் குறையும்.

படி 4: வடிவொத்த முக்கோணம் (இங்கேதான் நாங்கள் மூன்று ஞாயிறு தொலைத்தோம்)

நான் படித்தபோது இந்தக் கணக்கே கிடையாது. 2019-20-ல் வந்த புதிய புத்தகத்தில்தான் பார்த்தேன். அதனால் சொல்லிக்கொடுக்கப் போன நானும் சேர்ந்து குழம்பினேன்.

ஒரு முக்கோணம் கொடுத்து, அளவுகாரணி 3/5 அல்லது 7/4 என்று சொல்லி, அதற்கு வடிவொத்த முக்கோணம் (வடிவம் அதே, அளவு மட்டும் வேறு) வரையச் சொல்வார்கள். முக்கோணத்தின் மேல் முனை பி, அடிக்கோட்டின் இடது முனை கியூ, வலது முனை ஆர் என்று வைத்துக்கொள்வோம். கியூவிலிருந்து அடிக்கோட்டுக்குக் கீழே குறுங்கோணத்தில் ஒரு கதிர். அதில் காம்பஸை விரித்த அகலம் மாறாமல் சம தூரத்தில் புள்ளிகள். 3/5-க்கு ஐந்து புள்ளி, 7/4-க்கு ஏழு. மேலும் கீழும் இருக்கும் எண்களில் பெரியது எதுவோ அத்தனை. இதுவரை எல்லோருக்கும் சரியாக வரும்.

அடுத்து எந்தப் புள்ளியை ஆரோடு சேர்ப்பது? எங்கள் பையன் எப்போதும் கடைசிப் புள்ளியைச் சேர்த்தான். 3/5-க்கு அது சரியாக வந்தது. அதே கையோடு 7/4-க்கும் ஏழாவது புள்ளியை ஆரோடு சேர்த்து, நாலாவதிலிருந்து இணைகோடு போட்டான். படம் அழகாக இருந்தது, ஆனால் பெரிதாக வரவேண்டிய முக்கோணம் சின்னதாகிவிட்டது. அவன் வரைந்தது 4/7.

மூன்றாவது ஞாயிறு பிடிபட்டது. கீழே இருக்கும் எண்தான் பழைய முக்கோணம், மேலே இருக்கும் எண் புது முக்கோணம். ஆர் பழைய முக்கோணத்தின் முனை. ஆகவே கீழ் எண் புள்ளியை ஆரோடு சேருங்கள், மேல் எண் புள்ளியிலிருந்து அதற்கு இணைகோடு போடுங்கள். 3/5-க்கு ஐந்தாவது ஆரோடு, இணைகோடு மூன்றாவதிலிருந்து. 7/4-க்கு நாலாவது ஆரோடு, இணைகோடு ஏழாவதிலிருந்து. காரணி 1-ஐவிடப் பெரிதோ சிறிதோ, விதி ஒன்றுதான்.

இணைகோடு அடிக்கோட்டைத் தொடும் இடம் புது ஆர். அங்கிருந்து ஆர்-பி பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டால் கியூ-பி பக்கத்தில் புது பி கிடைக்கும். 7/4-க்கு இரண்டு பக்கங்களையும் நீட்டிக்கொள்ள வேண்டும். அதனால் முக்கோணத்தைத் தாளின் இடது ஓரமாகத் தொடங்குங்கள். நடுவில் வரைந்துவிட்டு இடம் இல்லாமல் அழித்த கதை எங்களுக்கு உண்டு.

தொடங்கும் முன்பே தாள் ஓரத்தில் 'பெரிது' அல்லது 'சிறிது' என்று பென்சிலில் எழுதிவிட்டு, முடித்தபின் ஒத்துப் பாருங்கள். அரை நிமிட வேலை.

இணைகோட்டுக்கு நான் மூலைமட்டம்தான் சொல்வேன். காம்பஸால் கோணத்தைப் படியெடுத்தும் வரையலாம், பள்ளியில் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். காம்பஸ் மட்டும் திருகு தளராததாக இருக்கட்டும். அக்காவின் பழைய தகர டப்பாவில் இருந்தது புதியதைவிட இறுக்கமாக நின்றது.

படி 5: தமிழில் அலகிடுதல், பஸ் போர்டை வைத்து

எங்கள் பக்கம் தேர்வு நெருங்கும் மாதங்களில்தான் புளியும் வீட்டுக்கு வரும். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை தட்டி, வீடே உட்கார்ந்து வேலை பார்க்கும். கை வேலையாக இருக்கும்போது வாய்க்கு ஏற்ற பகுதி இதுதான். அலகிடுதல் என்றால் செய்யுளின் ஒவ்வொரு சீரையும் (சொல்லையும்) அசை அசையாகப் பிரித்து, அதற்குரிய வாய்பாட்டுப் பெயரைச் சொல்வது. தேமா, புளிமா என்று மாங்காய்க்காரர்களுக்குப் பழக்கமான பெயர்கள் வேறு.

வாய்பாட்டை எல்லோரும் ஒப்பிப்பார்கள். அசை பிரிப்பதில்தான் தடுமாற்றம். நான் சொல்லிக்கொடுத்தது இப்படி: நெடில் முதலில் வந்தால் தனியாக நிற்கும், நேர். குறில் வந்தால் அடுத்த எழுத்தைத் துணைக்குக் கூப்பிடும். அது குறிலோ நெடிலோ, இரண்டும் சேர்ந்து நிரை. குறிலுக்கு அடுத்து ஒற்று வந்துவிட்டால் கதவு சாத்தியாயிற்று, தனியாக நேர். துணைக்கு எழுத்தே மிச்சம் இல்லை என்றாலும் நேர்தான். அசைக்குப் பின்னால் வரும் ஒற்று அதோடு ஒட்டிக்கொள்ளும், கணக்கில் வராது.

இனி பஸ் போர்டில் பார்க்கிற ஊர்ப் பெயர்கள். ஓசூர்: ஓ, சூர். நேர் நேர், தேமா. பர்கூரும் அதே. மொரப்பூர்: மொரப், பூர். நிரை நேர், புளிமா. சூளகிரி: சூ, ளகி, ரி. நேர் நிரை நேர், கூவிளங்காய். தருமபுரி: தரு, மபு, ரி. நிரை நிரை நேர், கருவிளங்காய். பென்னாகரம்: பென், னா, கரம். நேர் நேர் நிரை, தேமாங்கனி. காரிமங்கலம்: கா, ரிமங், கலம். நேர் நிரை நிரை, கூவிளங்கனி. ஒகேனக்கல்: ஒகே, னக், கல். நிரை நேர் நேர், புளிமாங்காய்.

காவேரிப்பட்டணத்தை மட்டும் தொடாதீர்கள். மூன்று அசைக்குள் அடங்காது. அவனுக்கு அதில் வருத்தம்தான்.

குறளில் கடைசிச் சீருக்கு மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்று தனி வாய்பாடு. அரூரும் தளியும் ஒரே அசை, இரண்டும் மலர். பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் அலகிடுதல் மதிப்பெண் உறுதி.

படி 6: அறிவியலும் சமூக அறிவியலும்

அறிவியலில் எழுத்துத்தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20 தனியாக வாங்க வேண்டும், செய்முறையில் முழுசாக வந்தாலும் அது ஈடாகாது. எங்கள் பையனுக்கு 'த' அதிகம் விழுந்த இடம் இயற்பியல் கணக்கில் அலகு. லென்சின் திறன் கேட்டால் குவியத் தொலைவை மீட்டருக்கு மாற்றித்தான் போட வேண்டும். 50 செ.மீ என்றால் 0.5 மீட்டர், குவிலென்சுக்கு 2 டையாப்டர், குழிலென்சுக்கு −2. அவன் 50-ஐ அப்படியே போட்டு 0.02 எழுதினான். சூத்திரம், பிரதியிடுதல், அலகு என்று மூன்று வரியாக எழுதும் பழக்கம் வந்தபின் சரியானது. உயிரியலுக்குப் படம்தான் படிப்பு: படத்தை வரைந்து, பாகம் குறிக்காமல் விட்டு, மறுநாள் குறியுங்கள்.

சமூக அறிவியலில் வெற்று வரைபடத் தாளைப் பத்துப் பதினைந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு தினம் ஒன்று. நம் ஊரிலிருந்து தொடங்கினால் தமிழ்நாடு பயமுறுத்தாது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இருக்கும் பாராமஹால் பீடபூமி புத்தகத்திலேயே வருகிறது, மைசூர் பீடபூமியின் ஒரு பகுதி, உயரம் 350-லிருந்து 710 மீட்டர். தினமும் நடக்கிற தரைக்கு இரண்டு மதிப்பெண் என்றதும் அவன் நம்பவில்லை.

ஆங்கிலம் பற்றி நான் அதிகம் சொல்லக்கூடாது, எனக்கே சுமார்தான். மனப்பாடப் பாடலைத் தினம் ஒருமுறை பார்க்காமல் எழுதினான், அவ்வளவே.

தேர்வு அன்று

முதல் பதினைந்து நிமிடம் எழுதக் கிடையாது. பத்து நிமிடம் வினாத்தாள் வாசிக்க, ஐந்து நிமிடம் விவரம் சரிபார்க்க. அந்தப் பத்து நிமிடத்தில் விடை யோசிக்காமல், எதை விடப்போகிறோம் என்று மட்டும் முடிவெடுங்கள். 14-ல் 10 எழுதும் இடத்தில் நான்கைக் கைகழுவினால் நேரம் மிஞ்சும். கட்டாய வினாவைத் தெரியாமல் கைகழுவிவிடாதீர்கள். கணக்குத் தாளில் அது 28-உம் 42-உம்.

சேர்த்தது

இதைப் படித்துவிட்டு தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ஓர் அம்மா கேட்டார்: வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, வெள்ளைத்தாளில் தமிழ் வாக்கியமே வரவில்லை, என்ன செய்ய? முதல் ஒரு வாரம் வாக்கியம் வேண்டாம். தலைப்பும் கலைச்சொல்லும் மட்டும் எழுதட்டும், விளக்கத்தைத் தெலுங்கிலேயே வாயால் சொல்லட்டும். விஷயம் தெரியுமா, மொழி தடுக்கிறதா என்று பிரிந்துவிடும். அப்புறம் இரண்டு மதிப்பெண் விடைகளிலிருந்து வாக்கியம் பழகலாம்.

இன்னொரு மாணவி ஒரு பஸ் போர்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அதில் 'ஓகேனக்கல்' என்று இருக்கிறது. "அக்கா, எனக்கு நாலு அசை வருது, புளிமாங்காய் வரவே இல்லை" என்கிறாள். அவள் பிரித்தது சரிதான்: ஓ, கே, னக், கல். நெடிலாக எழுதிவிட்டால் ஓ தனியாக நின்றுவிடும். போர்டு எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும்.