பழைய பிரிட்டிஷ் காசுகள்: பார்த்து வாங்க, பதறாமல் விற்க

1971 பிப்ரவரி 15-க்கு முன்பு பிரிட்டனில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. அந்தக் கணக்கில் அச்சான காசுகள் இன்றும் வீட்டு டப்பாக்களில் ஏராளமாகக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை விலை போகாதவை. 1965-இல் வந்த சர்ச்சில் கிரவுன் (ஐந்து ஷில்லிங் காசு) இதற்கு நல்ல உதாரணம். பெரிய காசு, நினைவு வெளியீடு, பலர் பத்திரமாகப் பொதிந்து வைத்தது. ஆனால் அச்சானது 1 கோடியே 96 லட்சம். அதில் வெள்ளியும் கிடையாது. வயதை வைத்து விலை சொல்ல முடியாது. எத்தனை பிழைத்திருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை.

அதனால் முதல் வேலை, ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்வது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குபவர் எதிலும் தேறுவதில்லை. தொடங்குபவருக்கு 1902 முதல் 1967 வரையிலான வெண்கல பென்னியைப் பரிந்துரைக்கிறோம். எடை 9.45 கிராம், விட்டம் ஏறத்தாழ 31 மில்லிமீட்டர். பெரும்பாலான ஆண்டுகள் மலிவு. கற்றுக்கொள்ள வேண்டிய நுணுக்கங்களோ நிறைய. 1912, 1918, 1919 ஆண்டுகளின் சில பென்னிகளில் ஆண்டுக்கு இடப்பக்கம் சின்னதாக 'எச்' என்ற எழுத்து இருக்கும். அது பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலை அச்சு. 1918, 1919-இல் 'கே என்' என்றிருந்தால் கிங்ஸ் நார்ட்டன் ஆலை. சாதாரண 1919 பென்னிக்கும் நல்ல நிலையிலுள்ள 'கே என்' பென்னிக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. 1902 பென்னியில் கடல்மட்டக் கோட்டைப் பாருங்கள். காசின் மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண் உருவமான பிரிட்டானியாவின் கால்கள் குறுக்கிடும் இடத்துக்குக் கீழே அது இருந்தால், சேகரிப்போர் 'லோ டைட்' என்று அழைக்கும் அரிதான வகை. 1950-இல் 2,40,000, 1951-இல் 1,20,000 பென்னிகள் மட்டுமே அச்சாயின. 1933 பென்னி உலகிலேயே ஏழு அளவில்தான் அறியப்பட்டிருக்கிறது. உங்கள் கைக்கு வரும் 1933 வேறொரு ஆண்டின் இலக்கத்தைச் செதுக்கி மாற்றியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவிகள்

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, மில்லிமீட்டர் அளவி, காந்தம், கழுத்து வளையும் மேசை விளக்கு. இவை போதும். 1971-க்கு முந்தைய பிரிட்டிஷ் காசு எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது போலி, வேறு சோதனை தேவையில்லை.

வெள்ளிக் காசுகளுக்கு மூன்று காலங்களை நினைவில் வையுங்கள். 1919 வரை 92.5 விழுக்காடு வெள்ளி. 1920 முதல் 1946 வரை 50 விழுக்காடு. 1947 முதல் செம்பும் நிக்கலும் மட்டுமே. (மன்னர் கையால் வழங்கப்படும் மாண்டி காசுகள் மட்டும் 1947-இல் மீண்டும் 92.5-க்குத் திரும்பின.) எடை முகமதிப்போடு சேர்ந்தே ஏறும்: சிக்ஸ்பென்ஸ் (ஆறு பென்னி) 2.83 கிராம், ஷில்லிங் 5.66, ஃப்ளோரின் (இரண்டு ஷில்லிங்) 11.31, ஹாஃப் கிரவுன் (இரண்டரை ஷில்லிங்) 14.14, கிரவுன் 28.28. ஆக, 1919 வரையிலான ஹாஃப் கிரவுன் ஒன்றில் 13.08 கிராம் வெள்ளி, 1920 முதல் 1946 வரையிலானதில் 7.07 கிராம். வெள்ளி மதிப்புக்கும் கீழே எதையும் விற்றுவிடாதீர்கள். வாங்கும்போது அதற்கு மேல் ஏன் கொடுக்கிறீர்கள் என்று உங்களுக்கே பதில் தெரிய வேண்டும்.

தேய்ந்த காசு சற்று எடை குறையும், அது இயல்பு. கூர்மையாக, புதிதுபோல் இருக்கும் காசு எடை குறைந்தால்தான் சந்தேகம். 1905 ஹாஃப் கிரவுன் 1,66,008 மட்டுமே அச்சானது; அதனாலேயே போலிகள் நிறைய. வார்த்தெடுத்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு இணைப்புக் கோடு தெரியும், எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், வெற்றுப் பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும்.

தங்க சவரின், அதாவது நம் 'சவரன்' என்ற சொல்லுக்கே மூலமான காசு, 7.98 கிராம், 22.05 மில்லிமீட்டர், 22 காரட். இதற்கு நீர்ச் சோதனை செய்யுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீரைத் தராசில் வைத்துச் சுழியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதும் மூழ்கத் தொங்கவிடுங்கள். தராசு 0.45 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் 17.7 அளவில் வரும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும், நூலைத் தட்டி விடுங்கள். வெண்கலக் காசை இப்படி நனைக்க வேண்டாம்.

தரம் பார்த்தல்

பணம் வருவதும் போவதும் இங்கேதான். பிரிட்டிஷ் வழக்கில் படிகள், கீழிருந்து மேலாக, இவை: ஃபேர், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்க்குலேட்டட். விலைப் பட்டியல் புத்தகத்தில் இருந்து ஒரு தரத்தைப் படித்துவிட்டுக் காசைப் பார்த்தால் கண் ஆசைக்கு வளைந்துவிடும். முதலில் காசைப் பாருங்கள், தரத்தை எழுதி வையுங்கள், பிறகு பட்டியலைத் திறங்கள்.

தேய்வது எப்போதும் மேடான இடத்தில்தான். விக்டோரியாவின் இளமைத் தலையில் காதுக்கு மேலுள்ள முடியிழைகள். ஐந்தாம் ஜார்ஜில் புருவம், காது, மீசை. பிரிட்டானியாவில் தலைக்கவசமும் மார்புக் கவசமும். விளக்கைத் தாழ்த்திக் காசை மெல்லச் சுழற்றுங்கள். தேயாத பரப்பில் ஒளி சக்கரம்போல் சுற்றி வரும். தேய்ந்த மேட்டில் அந்த ஒளி அறுந்து மந்தமாகத் தெரியும்.

ஒரு விதிவிலக்கு பலரை ஏமாற்றுகிறது. ஐந்தாம் ஜார்ஜின் பென்னிகளில் மன்னரின் பெரிய தலை அச்சில் உலோகத்தை அதிகம் இழுத்துக்கொண்டது. மறுபக்கத்துப் பிரிட்டானியா புதிதிலேயே மங்கலாக விழுந்தாள். தலையின் நிழல்கூட அந்தப் பக்கம் தெரியும். இதைச் சரிசெய்ய 1926-இல் உருவத்தைத் திருத்தினார்கள், 1928-இல் தலையையே சிறிதாக்கினார்கள். அதற்கு முந்தைய பென்னியில் பிரிட்டானியா மங்கலாயிருந்தால் உடனே தேய்மானம் என்று சொல்லாதீர்கள். தலைப் பக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். திருத்திய தலையோடு வந்த 1926 பென்னி அரிது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. புளி, எலுமிச்சை, சோடா, பற்பசை, வெள்ளிப் பாலிஷ் எதுவும் வேண்டாம். மேல்தோல் போனால் திரும்பி வராது. லென்ஸில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் காட்டிக்கொடுத்துவிடும், விலை சரிந்துவிடும். சில காசுகளின் கருமை அழுக்கே இல்லை. 1934, 1935, 1944 முதல் 1946 வரையிலான பென்னிகளை பிரிட்டனின் அரசு நாணய ஆலையான ராயல் மின்ட்டே கறுப்பாக்கி வெளியிட்டது. 1897 முதல் இருபதாண்டுகளுக்கு ஃபார்திங்கையும் (கால் பென்னி) கறுப்பாக்கியது, புது ஃபார்திங்கை அரை சவரின் என்று யாரும் தள்ளிவிடாதிருக்க. அந்தக் கருமையைத் துடைப்பவர் காசின் பிறவி நிறத்தையே அழிக்கிறார்.

ஒரே விலக்கு, பிவிசி உறையில் கிடந்து பச்சைப் பிசுக்கு படிந்த காசு. கண்ணாடிக் கிண்ணத்தில் கலப்பில்லாத அசிட்டோன் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி இதற்கு உதவாது, அதில் எண்ணெயும் மணமும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், தீ அருகில் வேண்டாம். இனி அந்த உறைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, பாலியெஸ்டர் உறை அல்லது அமிலமற்ற காகித உறைக்கு மாறுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போதும். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள்.

வாங்குமிடம்

பிரிட்டிஷ் நாணய வணிகர் சங்கத்தில் உறுப்பினரான வணிகர்கள், நாணயச் சந்தைகள், ஏல நிறுவனங்கள். 'யாரும் தேடிப் பார்க்காத மூட்டை' என்று விற்பதை நம்ப வேண்டாம். விற்பவர் தேடி முடித்த மிச்சமே அது.

நிலத்தில் கண்டெடுத்தது வேறு கதை. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 1996 புதையல் சட்டப்படி, 300 ஆண்டு பழமையான, பத்து விழுக்காட்டுக்கு மேல் தங்கமோ வெள்ளியோ உள்ள காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே புதையல். 14 நாளுக்குள் கொரோனரிடம் (மரண விசாரணை அதிகாரி; புதையலும் அவர் பொறுப்பு) தெரிவிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் விதி தனி, இன்னும் கடுமையானது.

விற்பது

பட்டியல் புத்தக விலை வணிகர் உங்களுக்கு விற்கும் விலை, உங்களிடம் வாங்கும் விலை ஆகாது. அவர் அதில் பாதியை ஒட்டிக் கேட்டால் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் கடைக்கும் செலவு உண்டு. உண்மை விலை தெரிய, இணைய ஏலங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். கேட்கும் விலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஏல நிறுவனத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்படையுங்கள். சுத்தியல் விலை, அதாவது ஏலம் முடிந்த விலை, 400 பவுண்டு என்று வையுங்கள். வாங்குபவர் பிரீமியம் (வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கட்டுவது) 20 விழுக்காடு, அந்தப் பிரீமியத்தின்மேல் வாட் 20 விழுக்காடு என்றால் அவர் கட்டுவது 496. உங்களிடம் கமிஷன் 15 விழுக்காடும் வாட்டும் பிடித்தால் கைக்கு வருவது 328. நடுவில் 168 பவுண்டு போகிறது. மலிவான காசுகளைத் தனித்தனியாக ஏலத்துக்கு அனுப்புவது வீண். அவற்றைச் சேர்த்து ஒரே தொகுதியாக விடுங்கள்.

இணையத்தில் நீங்களே விற்றால் படம்தான் பேச வேண்டும். பத்து மணி, இரண்டு மணி திசைகளில் இரண்டு விளக்குகள், வெளிச்சம் மென்மையாக ஒரு வெள்ளைத் தாள், போன் நேர் மேலே. பூ, தலை, விளிம்பு மூன்றையும் எடுங்கள். எடையையும் விட்டத்தையும் எழுதுங்கள். கீறல், விளிம்புத் தட்டு, பழைய சுத்தம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லுங்கள். 'அரிது' என்ற சொல் வேண்டாம். ஆண்டும் வகையும் தெரிந்தவருக்கு அது தேவையில்லை.

பிரிட்டனின் வரி விஷயத்தில், லாபத்துக்காக வாங்கி விற்பது வணிகம். வரி ஆண்டில் மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்தச் சேகரிப்பைக் கலைக்கும்போது தனிக் காசு 6,000 பவுண்டுக்குள் விற்றால் மூலதன ஆதாய வரி பொதுவாக இல்லை. 1837-க்குப் பிந்தைய சவரின்கள் சட்டப்பூர்வக் காசு என்பதால் அந்த வரியிலிருந்து விலக்கு. வாங்கிய நாள், விலை, யாரிடம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

அனுப்பும்போது காசை உறையோடு இரு அட்டைகளுக்கு நடுவே நாடாவால் அசையாமல் ஒட்டுங்கள். உறைக்குள் உருளும் காசு சத்தத்தாலேயே திருடனை அழைக்கும். வெளியே 'காசு' என்ற சொல் இருக்கக் கூடாது. ராயல் மெயிலில் காசு மதிப்புமிக்க பொருள் என்பதால் சாதாரண அஞ்சலில் தொலைந்தால் இழப்பீடு கிடைக்காது. ஸ்பெஷல் டெலிவரியில் அனுப்பி, காசின் மதிப்புக்கு ஏற்ற இழப்பீட்டு வரம்பைத் தேர்ந்தெடுங்கள். ரசீதையும், பொதிந்தபடி எடுத்த படத்தையும் வாங்கியவர் உறுதிசெய்யும்வரை வைத்திருங்கள்.