நாய்க்கடி, கொசு, தடுப்பூசி: சுகாதாரத் துறைச் சேவைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொது சுகாதாரத் துறையின் வேலையில் பாதிக்கு மேல் நாள் கணக்குதான். தமிழ்நாட்டில் கிராமம் என்றால் துணை சுகாதார நிலையத்து நர்சம்மா, ஆரம்ப சுகாதார நிலையம், சுகாதார ஆய்வாளர். மாநகராட்சி என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். கீழே சொல்லும் ஊசி எதற்கும் அங்கே காசு கிடையாது. இருந்தும் பலன் கைக்கு வராமல் போனால், பெரும்பாலும் நாளைத் தவறவிட்டிருப்போம், இல்லையென்றால் பாதியில் விட்டிருப்போம்.

நாய்க்கடி

கடிவாயில் மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் அப்பிக்கொண்டு வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். முதலில் குழாயடிக்குப் போங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். வெறிநாய்க்கடி நோயான ரேபிஸின் கிருமிக்கு மேலுறையில் கொழுப்பு உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு 'கழுவியாச்சு' என்பது கணக்கில் சேராது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம், அவசரப்பட்டுத் தையல் போடவும் வேண்டாம்.

அடுத்த தவறு, 'வீட்டு நாய்தானே, பத்து நாள் பார்ப்போம்' என்று காத்திருப்பது. நாயைக் கவனிக்கத்தான் வேண்டும், ஆனால் ஊசியை அன்றைக்கே தொடங்கிவிட்டுக் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால் மீதி ஊசியை என்ன செய்வது என்று மருத்துவர் சொல்வார். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை.

அரசு நிலையங்களில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நான்கு நாள்களில் ஊசி; முதல் ஊசி போடும் நாள்தான் 0. ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் தலா 0.1 மி.லி. போடுவார்கள். சரியாகப் போட்டால் தோலில் பருப்பளவு மேடு எழும்பும். 'மருந்தையே காணோமே' என்று சந்தேகப்பட வேண்டாம், அந்த அளவுதான் சரி. தனியார் மருத்துவமனைகளில் தசையில் போடும் முறைக்கு 0, 3, 7, 14, 28 என்று ஐந்து ஊசி. இடையில் இடம் மாற வேண்டியிருந்தால் முதலில் போட்ட சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாளே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது பழைய கதை, அந்த மருந்தே இப்போது கிடையாது.

பலரும் கோட்டைவிடுவது இம்யூனோகுளோபுலினை. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. அது உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். அதுவரை காவல் காப்பது கடிவாயிலேயே செலுத்தும் இந்த மருந்துதான். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 7 நாள்களுக்குள் போட்டாக வேண்டும். சின்ன நிலையத்தில் இல்லாவிட்டால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

கொசுப் புகையும் தொட்டித் தண்ணீரும்

‘எங்கள் தெருவுக்குப் புகை அடிக்கவே வருவதில்லை’ என்பது மழைக்காலத்தில் தவறாமல் வரும் புகார். புகை கொல்வது பறக்கிற கொசுவை மட்டும்தான். தொட்டியில் நெளிகிற புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வண்டி வந்ததும் கதவு, ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவோ கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிக்குப் பின்னாலும் சொகுசாக உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பதே சரி.

முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 8 முதல் 10 நாள். அதனால்தான் தண்ணீர்ப் பாத்திரங்களை வாரம் ஒரு முறை கழுவ வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே மறுபடி பிடித்தால் வேலை பாதிதான் முடிந்தது. ஏடிஸ் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் அது உயிரோடு கிடக்கும், தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். நார் வைத்து டிரம்மின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மாடித் தொட்டி மூடி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஆட்டுக்கல், டயர், கொட்டாங்குச்சி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பணியாளர் ஊற்றும், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, சரியான அளவில் குடிதண்ணீரிலும் கலக்க அனுமதிக்கப்பட்டது. அவர் தலை மறைந்ததும் தொட்டியைக் காலி செய்தால் மருந்துதான் வீண்.

டெங்கு உறுதியானதும் ஆதாரில் இருக்கிற சொந்த ஊர் முகவரியைக் கொடுத்துவிடுவார்கள் சிலர். ஆய்வாளர் அங்கே போய்க் கொசு தேடுவார். கொசுவோ நீங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் இருக்கும். காய்ச்சலுக்கு முன்னால் இரண்டு வாரம் எங்கே இருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

குழந்தைத் தடுப்பூசி

புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி. பிறகு 6, 10, 14 வாரங்கள், 9 மாதம், 16 முதல் 24 மாதத்துக்குள், 5 வயது. லேசான சளி, வயிற்றுப்போக்கு என்று தள்ளிப்போடுவது தேவையில்லாத பயம். ‘போலியோ முகாமில் சொட்டு போட்டாச்சே’ என்று வழக்கமான தவணையை விடுவதும் தவறு. அது கூடுதல் தவணைதான். இடையில் ஒன்று விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

கர்ப்பப் பதிவும் பிறப்புச் சான்றிதழும்

தனியாரிடம்தான் பார்க்கிறோம், நர்சம்மாவிடம் எதற்குப் பதிவு என்று நினைக்க வேண்டாம். அங்கே கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை (கர்ப்பப் பதிவு எண்) பிறப்பைப் பதியும்போது கேட்பார்கள். 12 வாரத்துக்குள் பதிந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் தகுதி இருந்தால் வழி உண்டு. பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது அந்த எண்ணை மறக்காதீர்கள். பிறப்பு பதிவாவது குழந்தை பிறந்த ஊரில்தான், நீங்கள் குடியிருக்கும் ஊரில் இல்லை.

21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை நடக்க வேண்டிவரும். பெயர் இன்னும் முடிவாகவில்லையென்றால் பெயரில்லாமலே பதியலாம், ஒரு வருடத்துக்குள் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை போன்றவற்றில் பிறந்த தேதிக்கு ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். வாங்கியதும் பெற்றோர் பெயரின் எழுத்தையும் இனிஷியலையும் அங்கேயே ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.