விண்டோஸ் மாற்றிய பின் படம் திணறும் மடிக்கணினி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்த பிறகு, திருப்பூரில் உள்ள எங்கள் பழுதுபார்ப்பு மேசைக்கு ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. "ஏனுங்க, புது விண்டோஸ் போட்டதுல இருந்து டிசைனை நகர்த்தினா இழுவையா இழுக்குதுங்க, போர்டு போயிருச்சுங்களா?" என்று பனியன் பிரிண்டிங் பட்டறைக்காரர்களும் எம்பிராய்டரி டிசைன் வரைபவர்களும் கேட்கிறார்கள். அப்படி வந்த ஒரு மடிக்கணினியை இயக்கிக்கூடப் பார்க்காமல், எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அடிமூடியின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினார். 2020இல் நான் செய்ததும் இதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். மறுதொடக்கம் செய்வது, வைரஸ் சோதனை நடத்துவது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மென்பொருள் கோளாறுக்குச் சில்லைச் சூடாக்குவது

அப்போது நான் கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்ததால், ஊரில் பாதிப் பேர் விண்டோஸ் 10க்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அவிநாசியிலிருந்து வந்த பிரிண்டிங் டிசைனர் ஒருவரின் மடிக்கணினியில் இன்டெல், என்விடியா என்று இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் (திரைக்கான படத்தை வரையும் சிப்கள்) இருந்தன. மாற்றிய மறுநாளிலிருந்து கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் ஒரு பூவை நகர்த்தினால், அது விட்டு விட்டு நகர்ந்தது. நான் கேட்ட ஒரே கேள்வி, கணினி எத்தனை ஆண்டு பழையது என்பதுதான். ஒன்பது ஆண்டு என்றார். கிராஃபிக்ஸ் சில்லைப் போர்டோடு பிணைக்கும் பற்று (சால்டர்) விரிசல் விட்டிருக்கும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2007, 2008 காலத்து மடிக்கணினிகள் பலவற்றில், கிராஃபிக்ஸ் சில்லுக்குக் கீழே உள்ள நுண்ணிய பற்றுக் குமிழ்கள் சூடாகியும் ஆறியும் உண்மையிலேயே விரிசல் விட்டன. அந்த அலையில் தொழில் கற்றவர்கள் சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கன்னால் சில்லைச் சூடாக்கி, செத்த திரையை உயிர்ப்பித்தார்கள். அவர்களிடம் தொழில் கற்ற என் போன்றோருக்கு, திரையில் எந்தக் குறை கண்டாலும் சில்லின் மீதே சந்தேகம் போனது. ஈயம் கலக்காத பற்று சுமார் 217 டிகிரி செல்சியஸில்தான் உருகத் தொடங்கும். அந்த வெப்பத்தைக் கையால் கொடுக்கும்போது போர்டு வளையலாம், பக்கத்துப் பிளாஸ்டிக் கனெக்டர்கள் இளகலாம், நல்ல பற்றும் கெடலாம்.

நான் சூடாக்கினேன். கூடவே விசிறியைத் துடைத்ததால் கணினி கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரிந்தது. சரியாகிவிட்டது என்று நம்பிக் கொடுத்தனுப்பினேன். பத்தாம் நாள் திரையே வராமல் திரும்பி வந்தது. என் சம்பளத்தில் ரூ. 6,500 பிடித்து, பழைய போர்டு ஒன்றை வரவழைத்து மாற்றினோம். மாற்றிய போர்டிலும் அதே பூ அதே மாதிரி விட்டு விட்டு நகர்ந்தது. அன்றுதான் கணினியின் உறுப்புகளை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தேன். இன்டெல் என்று இருக்க வேண்டிய இடத்தில் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தது. முதல் நாளே பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. அந்த டிசைனர் ஏற்றுமதி ஆர்டர் கையில் இருக்கும்போது மூன்று வாரம் கணினி இல்லாமல் அலைந்தார் என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பெயரின் பொருள் இதுதான்: பொருத்தமான கிராஃபிக்ஸ் டிரைவர் (சில்லை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்) கிடைக்காதபோது, திரையில் ஏதாவது தெரிய வேண்டுமே என்பதற்காக விண்டோஸ் தானாக வைத்துக்கொள்ளும் அடிப்படை டிரைவர் அது. அது இருக்கும்வரை கிராஃபிக்ஸ் சில்லு சும்மா இருக்கும். வரையும் வேலை முழுவதும் பிராசஸரின் தலையில் விழும். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை வேலை செய்யாமல் போவது, இரண்டாவது மானிட்டர் தெரியாமல் போவது, எழுத்துகள் பெரிதாகவோ மங்கலாகவோ தெரிவது ஆகியவை இதன் அடையாளங்கள். இரட்டை கிராஃபிக்ஸ் கணினியில் இன்னொரு சிக்கலும் உண்டு. என்விடியா 2010இல் கொண்டுவந்த ஆப்டிமஸ் முறையில், என்விடியா வரைந்த படமும் இன்டெல் வழியாகத்தான் திரைக்குப் போகிறது. எனவே இன்டெல் டிரைவர் இல்லாவிட்டால், என்விடியா டிரைவரை எத்தனை முறை நிறுவினாலும் பயன் இருக்காது. முதலில் இன்டெல், பிறகு என்விடியா என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

டிரைவரை மடிக்கணினி நிறுவனத்தின் பக்கத்திலிருந்து, அடியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணைக் கொண்டு எடுங்கள். அங்கே விண்டோஸ் 11க்கு இல்லையென்றால், விண்டோஸ் 10க்கான 64 பிட் டிரைவரே பெரும்பாலும் போதும். இன்டெல் பக்கத்திலிருந்து எடுப்பதாயின், பிராசஸரின் தலைமுறையைப் பாருங்கள்: 6 முதல் 10 வரையான தலைமுறைகளை 2022 ஜூலையில் இன்டெல் தனிப் பொதியாகப் பிரித்துவிட்டது. புதிய தலைமுறைக்கான பொதியை அவற்றில் நிறுவ முயன்றால் ஏற்காது; அதைக் கண்டு சில்லு பழுது என்று முடிவு செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சில்லு உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று அறிய வழி உண்டு. கணினியை இயக்கி, விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குப் போங்கள். அங்கே விண்டோஸுக்கு வேலையே இல்லை. அங்கேயும் கோடுகளோ புள்ளிகளோ சிதறினால், வெளி மானிட்டரை இணைத்துப் பாருங்கள். அதிலும் சிதறினால் சில்லைச் சந்தேகிக்கலாம். அதில் தெளிவாக இருந்தால் திரையையோ அதன் கேபிளையோ பாருங்கள். பிறகு விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான உபுண்டுவை, நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்குங்கள். இன்டெல் கிராஃபிக்ஸுக்கான டிரைவர் அதன் உள்ளேயே இருப்பதால், அங்கே படம் வழுக்கிக்கொண்டு ஓடினால் அந்தச் சில்லு நலமாக இருக்கிறது. இத்தனையும் சேர்த்து இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தைச் செலவிடாத எவரையும் எங்கள் கடையில் ஹாட் ஏர் கன்னைத் தொட நான் விடுவதில்லை.

எந்த கிராஃபிக்ஸ் ஓடுகிறது என்று பார்க்காமல் விடுவது

டிரைவர்கள் இரண்டும் சரியாக இருந்தும் மென்பொருள் திணறினால், அது மின்சாரம் குறைவாக எடுக்கும் இன்டெல்லில் ஓடிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், அந்த மென்பொருளுக்கு மட்டும் ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வைக்கலாம். முன்பு என்விடியா கண்ட்ரோல் பேனலில் செய்திருந்த தேர்வுகள், டிரைவர் புதிதாக ஏறும்போது அழிந்திருக்கக்கூடும். அதே நேரத்தில் பவர் மோடையும், நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரையாக இருந்தால் அது 60க்கு இறங்கிவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

முதல் நாளிலேயே தீர்ப்பு எழுதுவது

மாற்றிய பிறகு பின்னணியில் இன்டெக்ஸிங்கும் (கோப்புகளைத் தேடலுக்காகப் பட்டியலிடுவது) அப்டேட்டும் நடக்கும். ஒரு நாள் மின்இணைப்பில் விடுங்கள்.

இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸை அழிப்பது

மேம்படுத்திய பின் சி டிரைவில் பழைய விண்டோஸ் ஒரு கோப்புறையாகக் கிடக்கும். பத்து நாளுக்குள் பழையபடி திரும்புவதற்கான வழி அதுதான். பத்து நாள் கழிந்தால் விண்டோஸே அதை அழித்துவிடும். பல ஜிபி இடம் மிச்சமாகிறதே என்று, மாற்றிய அன்றே டிஸ்க் கிளீனப்பில் அதற்கு டிக் போட்டுவிடுகிறார்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டிய டிசைன் இருப்பவருக்கு, முதலில் பழைய விண்டோஸுக்குத் திரும்பி வேலையை முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நிதானமாக டிரைவர் தேடுவதே நல்லது என்பேன்.

டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்கள்

வேண்டாம்.

ரேம் வாங்கச் சொல்வது

இன்டெல் உள்ளமை கிராஃபிக்ஸ் கணினியின் ரேமையே பகிர்ந்துகொள்கிறது. ஒரே ரேம் இருக்கும் இடத்தில் இரண்டாவதைச் சேர்த்தால் வேகம் கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் நேற்று வரை அதே ரேமில் அதே ஃபைல் நன்றாக ஓடியிருக்கிறது. டிரைவர் சரியான பிறகும் போதவில்லை என்றால் அப்போது பேசலாம்.

பஞ்சை மறப்பது

எங்கள் ஊருக்கே உரிய காரணம் இது. பனியன் கம்பெனி, நூல் மில், விசைத்தறிக் கூடம் ஆகியவற்றில் இருக்கும் மடிக்கணினியின் விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்குக்கும் நடுவே பஞ்சு மெத்தை போல அடைந்துகொள்ளும். மேம்படுத்திய பிறகு நடக்கும் பின்னணி வேலைகள் சூட்டைக் கூட்டும்போது, அதுவரை தாக்குப்பிடித்த கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இயக்கிய பத்து நிமிடம் நன்றாக ஓடி, அதன் பிறகு திணறுவது இதன் குறி. டிரைவர் கோளாறு தொடக்கத்திலிருந்தே தெரியும். இதற்கு மட்டும் அடிமூடியைக் கழற்றலாம்.

சார்ஜர்

குறைந்த வாட் சார்ஜரில் வேகம் குறையும். கூட வந்ததையே கேட்டு வாங்குங்கள்.

ரெக்கவரி கீ இல்லாமல் பயாஸைத் தொடுவது

டிரைவர் சரிவரவில்லை என்றதும் பயாஸையும் புதுப்பித்துவிடலாம் என்று சிலர் இறங்குகிறார்கள். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில், உரிமையாளருக்கே தெரியாமல், டிரைவில் உள்ளவற்றைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். அதை இடைநிறுத்தாமல் பயாஸை மாற்றினால், அடுத்த முறை இயக்கும்போது 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கக்கூடும். அது பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு கணினியை விற்ற கடைக்காரரின் கைபேசி எண்ணில் தொடங்கப்பட்டிருந்தால், பத்து ஆண்டு டிசைன்களும் பூட்டின் உள்ளே மாட்டிக்கொள்ளும். நான் இப்போது கணினியை வாங்கும்போதே, வாடிக்கையாளரை எதிரில் உட்காரவைத்து, அவர் கணக்கில் அவரையே நுழையச் சொல்லி, அந்த எண்ணை அவர் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் ரசீது போடுகிறேன்.